அம்மா ஏலத்தில் எடுத்த பறவை

பிளஸ் டூ தேர்வு முடிந்து, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்து, விடுதிக்குப் போகும் நாளுக்காக நான் காத்திருந்த கோடை விடுமுறை அது. எங்கள் வீடு குழித்துறைக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையிலிருந்து கொஞ்சம் மேடேறினால் வரும் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து, நான்கு கிலோ எடை கூடித் திரும்பிப் போவார். அம்மா முன்னறையில் தையல் மெஷின் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பிளவுஸும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறாள்.

அம்மாவுக்கு வாய் மூடித் தைக்க வராது. காலும் கையும் வேலை செய்யும்போது வாயும் சேர்ந்து ஓடவேண்டும். நான் உள்ளறையில் படித்துக்கொண்டிருப்பேன். அவள் முன்னறையிலிருந்து பேசிக்கொண்டே இருப்பாள். யாருக்கு அளவு தப்பியது, யார் லைனிங் துணி வாங்காமல் ஏமாற்றப் பார்த்தார்கள், பலாச்சக்கை விலை என்ன ஆனது, எல்லாம் வரும். நடுநடுவே நான் ‘உம்’ கொட்டவேண்டும். கொட்டாவிட்டால் மெஷின் நின்றுவிடும். “ஏட்டி, உறங்கிட்டியா?” என்று குரல் வரும். கெமிஸ்ட்ரியில் பாதியை நான் உம் கொட்டிக்கொண்டேதான் படித்தேன்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே ஓர் ஆசை, ஒரு பறவை வளர்க்கவேண்டும். கிளிதான் முதல் ஆசை. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி தப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொன்ன பிறகு, காக்டீல் என்று ஆசையை மாற்றிக்கொண்டேன். சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் யாரோ குங்குமத்தைக் கொஞ்சம் தாராளமாக அப்பிவிட்டதுபோல ஓர் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. என் வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டில் இருந்தது. அது அவள் விரலில் நின்று விசில் அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்த நாட்களில் எனக்குச் சாப்பாடே இறங்காது.

அம்மாவிடம் கேட்டால் ஒரே பதில்தான். “வீட்டுல பறவையும் வேண்டாம், கிறவையும் வேண்டாம்.” அப்பாவிடம் போனில் கேட்டால் எதற்கும் சரி என்பார். “அவருக்கென்ன, அங்க இருந்து தலையாட்டினா போரும். இங்க கூட்டுல கெடக்க தீட்டம் வாருகது நானாக்கும்” என்பாள் அம்மா. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிளஸ் டூ முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் நான் மறந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள் போல.

நான் மறக்கவில்லை. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்றே, ஜன்னலோரம் கூட்டுக்கான இடத்தைத் துடைத்து வைத்துவிட்டேன். அப்பா பேச்சு மாறவில்லை. “வாங்கிக்கோ மக்கா” என்றார். அம்மாவும் வாக்குக் கொடுத்த தோஷத்துக்காக வாயை மூடிக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தோழியிடம் ஓடினேன், எங்கே நல்ல பறவை கிடைக்கும் என்று கேட்க.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“நீ காலேஜுக்கு போவல்லியா?”

போவேன் என்றேன்.

“அப்பம் எதுக்கு வாங்குகா? ஒத்தைக்கு வளருகது ஒரு ஆளத்தான் பிடிச்சு வெச்சுக்கும். நீ கைல வெச்சு தீனி குடுத்து பழக்கிட்டு போயிட்டா, அது ஒன்னத் தேடும், கேட்டியா? தின்னாது. கெடந்து தனக்க தூவலத் தானே பிய்க்கும்.”

என் மண்டையில் யாரோ குட்டியது போல இருந்தது. இத்தனை வருஷம் பறவை வரும் நாளைப் பற்றி யோசித்திருக்கிறேன். அதை விட்டுப் போகும் நாளைப் பற்றி யோசித்ததே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு சாம்பல் பறவை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருப்பது போலக் கண்முன் வந்து நின்றது. இன்னும் வாங்காத பறவைக்காக அன்று நான் அழுதேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அழுதேன்.

ஆனாலும் ஆசை விடுமா? அடுத்த நாளே மனசு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. நான் போன பிறகு அம்மா இந்த வீட்டில் தனியாக இருக்கப் போகிறாள். மெஷின் ஓடும், பேச்சும் ஓடும், உம் கொட்ட ஆள் இருக்காது. பறவை இருந்தால் அம்மாவுக்குத் துணையாச்சு, பறவைக்கு அம்மா துணையாச்சு. இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? பெரிய மனுஷி மாதிரி அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து இதைச் சொன்னேன்.

அம்மா மெஷினை நிறுத்தினாள். ஊசிக்கு அடியில் இருந்த துணியை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஒனக்க எடத்துல ஒரு குருவிய வெச்சிட்டு போனா, கணக்கு செரியாயிரும் இல்லியா?”

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். பிறகு மெஷினை ஓட்டினாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அம்மா பேசாமல் தைத்தாள். அந்த வீட்டில் மெஷின் சத்தத்தைத் தனியாக நான் கேட்டது அன்றுதான். நான் போன பிறகு வீடு இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அவளுக்கும் அது தெரியும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வேண்டாம் என்று முடிவு செய்தேன். பறவைக்கும் கஷ்டம், அம்மாவுக்கும் கஷ்டம். அப்பாவிடம் சொன்னபோது, “மக்கா வலிய ஆளாயிட்டியே” என்று மெச்சினார். மெச்சினது பிடித்திருந்தது, ஆனால் ஜன்னலோரத்தில் துடைத்து வைத்த இடத்தைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை. அங்கே அயர்ன் பாக்ஸை எடுத்து வைத்தேன்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். இடையில் அறுப்பின் பண்டிகை வந்தது.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகையை கோடை விடுமுறையில்தான் வைப்பார்கள். வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருப்பவர்கள் லீவுக்கு வந்திருப்பார்கள், ஏலம் சூடுபிடிக்கும் என்பதுதான் காரணம். ஆராதனை முடிந்ததும் அவரவர் காணிக்கையாகக் கொண்டுவந்ததை சர்ச் வளாகத்தில் பந்தலுக்கு அடியில் ஏலம் விடுவார்கள். வாழைக்குலை, சக்கை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், கேக், காலைக் கட்டிய சேவல், அழுதுகொண்டிருக்கும் ஆட்டுக்குட்டி, எல்லாம் வரிசையில் நிற்கும். ஏலத்தில் எடுத்தவர் மனசிருந்தால், “திருப்பி விடுங்க” என்று அதே பொருளை மறுபடி ஏலத்துக்குக் கொடுத்துவிடுவார். ஒரே அன்னாசிப்பழம் ஊரையே சுற்றிவரும். காசு சபைக்குத்தான் போகிறது என்பதால் யாருக்கும் வருத்தமில்லை.

இதில் சொந்தக்காரர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. அதற்கு ஏற்றிவிடுவது என்று பேர். ஒருவர் ஆசைப்பட்டு ஒரு பொருளைக் கேட்கும்போது, வேண்டுமென்றே போட்டிக்குக் கேட்டு விலையை ஏற்றிவிட்டு, கடைசி நேரத்தில் நைசாகக் கழன்றுகொள்ளவேண்டும். சின்ன வயதிலிருந்தே நான் அதில் கை தேர்ந்தவள். என்னுடைய நிரந்தர இரை என் மாமா. அம்மாவின் தம்பி. மார்த்தாண்டத்தில் பர்னிச்சர் கடை வைத்திருக்கிறார். ஏலத்தில் தோற்பதை மானக்குறைவாக நினைப்பார். முந்தின வருஷம் ஒரு சாதாரணச் சக்கைக்கு அவரை என்ன பாடு படுத்தினேன் என்று இன்றைக்கும் மாமி சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷமும் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. சேவல்கள் முடிந்தன. ஏலம் விடுகிறவர், ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூடத்து சார், அடுத்து ஒரு கூட்டைத் தூக்கி மேசையில் வைத்தார். உள்ளே ஒரு காக்டீல். சின்னக் குஞ்சு, கொண்டை இன்னும் சரியாக வளரவில்லை. யாரோ வீட்டில் வளர்த்து, குஞ்சு பொரித்ததில் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தார்கள்.

“இது கறி வைக்கக் கொள்ளாது, கேட்டியளா! பாத்துக்கிட்டு இருக்கதுக்காக்கும்” என்றார் சார் மைக்கில். கூட்டம் சிரித்தது.

வேண்டாம் என்று முடிவு செய்த பொருள் மேசைமேல் வந்து உட்கார்ந்து என்னையே பார்த்தால் என்ன செய்வது? நல்லவேளையாக மாமா ஏலம் கேட்டார். அப்பாடா, பறவை மாமா வீட்டுக்குப் போகும், லீவுக்கு வரும்போது போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருக்கலாம். பழக்க தோஷம், என் வாய் தானாகத் திறந்து, மாமாவுக்கு மேலே கேட்டுவிட்டது. மாமா திரும்பிப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் கூட்டினார். நானும் கூட்டினேன். இதோ கழன்றுகொள்ளலாம், இன்னும் ஒரே ஒரு தடவை என்று கடைசியாக ஒன்று கேட்டேன்.

மாமா வாயை மூடிக்கொண்டார். தோற்பதே பிடிக்காத மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். பறவைமேல் எனக்குள்ள பைத்தியம் அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று முடிவு செய்தது தெரியாது. நான் உண்மையாகவே கேட்பதாக நினைத்து விட்டுக்கொடுத்துவிட்டார்.

ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்.

“காச நான் குடுக்கேன் சாரே. பிள்ள காலேஜுக்கு போவுகுல்லா, இது மாமாக்க சம்மானம்” என்று மாமா உரக்கச் சொன்னார். கூட்டம் கை தட்டியது. கூடு என் கைக்கு வந்தது. எடையே இல்லை. உள்ளே இருந்த ஜீவன் பயத்தில் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, ஒரு கண்ணால் மட்டும் என்னைப் பார்த்தது.

பந்தலுக்கு நடுவில் நின்றேன். எத்தனை வருஷத்து ஆசை, இரண்டு கைக்குள் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோனால் கல்லூரி திறக்கும்வரை என்னோடு இருக்கும். அப்புறம் அது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்க்கும். பெண்கள் பக்கம் திரும்பி அம்மாவைத் தேடினேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முகத்தில் ஒன்றும் இல்லை. உன் பாடு என்று விட்டுவிட்டாள்.

நான் கூட்டை மேசையில் திரும்ப வைத்தேன். “திருப்பி விடுங்க சார்” என்றேன். சாருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லவேண்டியதாயிற்று. மாமாவின் சிரிப்பு மறைந்ததைப் பார்க்காமல் இருக்க தரையைப் பார்த்துக்கொண்டேன்.

சார் மறுபடி ஏலத்தைத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை. ஊர் முழுக்க என் முகத்தைப் பார்த்திருக்கும் போல. அவர் கெஞ்சிக்கூடப் பார்த்தார். அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் ஒரு தொகையைச் சொன்னது.

அம்மா!

என் அம்மா வாழ்நாளில் ஏலத்தில் வாய் திறந்தவள் இல்லை. நான் ஏற்றிவிடுவதற்கே, “பொம்பளப் பிள்ளைக்கு இது என்ன சீலம்” என்று திட்டுகிறவள். இப்போது எழுந்து நின்றுகொண்டிருந்தாள், முகமெல்லாம் சிவந்து. சார் “ஒருதரம்” என்று சொல்லத் தொடங்கியதும் பயந்துபோய் இன்னும் கூட்டிக் கேட்டாள். சார் திகைத்து, “ரெண்டு…” என்பதற்குள் இன்னொன்று கூட்டினாள்.

“யம்மா, நில்லுங்க! வேற ஒருத்தரும் கேக்கல்ல. நீங்க ஒங்களயே ஏத்துறியளே!”

பந்தல் அதிர்ந்தது. போதகரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமா விழுந்து விழுந்து சிரித்ததில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அம்மா யாரையும் பார்க்காமல் நேரே நடந்து வந்து கூட்டை எடுத்துக்கொண்டாள். தன்னோடு தானே போட்டி போட்டு ஜெயித்த ஒரே ஆள் என்று எங்கள் சபையில் அம்மாவுக்கு இன்றுவரை பேர்.

ஆட்டோவில் கூட்டை மடியில் வைத்து, காற்று படாமல் முந்தானையால் மூடிக்கொண்டாள். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எதுக்கும்மா?”

“திருப்பி வெக்கும்போ ஒனக்க மொகத்தப் பாத்தேன். அதுக்குப் பெறவு இருக்க முடியல்ல.” கொஞ்ச தூரம் போன பிறகு தொடர்ந்தாள். “நீ எனக்குத் தொணைக்கு விட்டுட்டுப் போற குருவி வேண்டாம்னுதான் சொன்னேன். இது நானே கேட்டு எடுத்ததாக்கும். எனக்க குருவி.”

நான் கூட்டுப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அம்மா தட்டிவிட்டாள்.

“நீ தொடாண்டாம். ஒனக்கு பழகினாத்தானே ஒன்னத் தேடும்? பழகவே வேண்டாம். நீ போவது வரைக்கும் தீனியும் தண்ணியும் நானாக்கும்.”

என் தோழி சொன்னதையெல்லாம் நான் அழுகையோடு அம்மாவிடம் ஒப்பித்திருந்தேன். அவள் கேட்காதது போலத் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

அப்படியாக எங்கள் வீட்டுக்குப் பறவை வந்தது. அயர்ன் பாக்ஸ் இடம் மாறியது. நான் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்ப்பவளாக ஆனேன். தினையைக் கையில் வைத்து நீட்டவேண்டும், அவசரப்படக் கூடாது, மேலிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது என்று கற்ற வித்தையெல்லாம் வாயால் சொல்லவேண்டியதுதான், செய்வது அம்மா. முதல் நாட்களில் அது நன்றாகக் கொத்தியது. விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, “சவமே, தின்னு சவமே” என்று கொஞ்சுவாள்; எங்கள் பக்கம் திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும் அந்த ஒரே வார்த்தைதான். நான் அதற்காக யோசித்து வைத்திருந்த பேரெல்லாம் வீணாய்ப் போயிற்று. அதற்குச் சவமே என்பதுதான் பேர். அதுவும் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது.

ஒருநாள் அம்மா நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நான் கூட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அது கம்பி வழியாக மெல்ல நகர்ந்து என் பக்கம் வந்து, தலை குனிந்து, கழுத்தைக் கம்பிக்கு வெளியே காட்டியது. தடவிக்கொடு என்று கேட்கிறது என்று எனக்குத் தெரியும். தோழி வீட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஒரு விரலை நீட்டினால் போதும். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். அந்த விடுமுறையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான். கல்லூரியில் எழுதிய எந்தப் பரீட்சையும் அதற்குப் பக்கத்தில் வராது.

நான் குழித்துறை ஸ்டேஷனில் ரயிலேறிய அன்று அம்மா அழவில்லை. சவம் தனியாக இருக்கும், தண்ணீர் வைத்தோமா இல்லையா என்ற கவலையில் இருந்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. விடுதியிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் மெஷின் சத்தமும், அம்மாவின் பேச்சும், அவள் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்திலெல்லாம் ஒரு விசிலும் கேட்கும். உம் கொட்டும் வேலைக்கு ஆள் போட்டாயிற்று என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். சொல்லிவிட்டு அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

கிறிஸ்மஸ் லீவுக்குத்தான் முதன்முதலாக வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். சவம் அவள் தோளில் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய அளவு டேப்பின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தது. கொண்டை நன்றாக வளர்ந்திருந்தது. நான் பையைக் கூடக் கழற்றாமல், “அம்மா!” என்று ஓடினேன்.

அது கொண்டையைப் படிய வைத்துக்கொண்டு, இரண்டு சிறகையும் விரித்து, அம்மாவின் கழுத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்று, என்னைப் பார்த்து ‘ஸ்ஸ்’ என்று சீறியது.

அம்மாவுக்கு ஒரே வெட்கம். “ஏ சவமே, இது யாருண்ணு தெரியல்லியா? நம்ம பிள்ளைல்லா!” என்று அதைத் திட்டினாள். என்னிடம், “அதுக்கு ஆளு அறியல்ல மக்கா, நீ மனசுல வெச்சுக்காத” என்று சமாதானம் சொன்னாள். எனக்கு எதற்குச் சமாதானம்? நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாகக் கிடந்தேன்.

இப்போது கடைசி வருஷம் படிக்கிறேன். லீவுக்கு வரும்போதெல்லாம் இன்றைக்கும் சவம் முதலில் என்னைப் பார்த்துச் சீறிவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. எனக்காக ஏங்கி ஜன்னலில் உட்கார்ந்திருக்குமோ என்று நான் பயந்த பறவைக்கு நான் யாரென்றே தெரியாது. நான் இல்லாத வீட்டில் அம்மாவை விட்டு நகராமல் ஒரு ஜீவன் காவல் இருக்கிறது என்பதை, என் வீட்டு வாசலில் நானே அன்னியமாக நின்று அந்தச் சீறலைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் மனம் நிறைய உணர்கிறேன்.